டிரெய்லரின் கழிவுக் குழாய்: எத்தனை அடி வாங்குவது, எங்கே வைப்பது?

கேள்வி, 2023 ஏப்ரல் 8

டெக்சாஸில் இருக்கிறோம். சென்ற வாரம் 25 அடி டிரெய்லர் வாங்கினோம், வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கிக்கொள்ளும் வகை. விற்றவர்கள் அதன் தொட்டிகளிலிருந்து கழிவை வெளியேற்றும் குழாய் ஒன்றை இலவசமாகக் கொடுத்து, இதுவே போதும், பின்பக்கப் பம்பருக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கடையில் பார்த்தால் 10 அடி, 15 அடி, 20 அடி என்று பல வகை இருக்கின்றன. தனியாக வாங்கத்தான் வேண்டுமா? வாங்குவதென்றால் எது?

பதில், 2023 ஏப்ரல் 8, மாலை

வாங்கத்தான் வேண்டும். இலவசமாக வரும் குழாய் பெரும்பாலும் கம்பிச் சுருளின்மீது போர்த்திய மெல்லிய வினைல் தாள். எங்கள் டிரெய்லருடனும் அப்படி ஒன்று வந்தது. நான்காவது பயணத்தில், இன்க்ஸ் லேக் மாநிலப் பூங்காவின் டம்ப் ஸ்டேஷனில் (தொட்டிக் கழிவைத் தரையிலுள்ள துளைக்குள் கொட்டும் பொது இடம்), கறுப்புத் தொட்டியின் வால்வை இழுத்த மறு நொடியே அதன் நடுவில் ஊசித்துளை அளவுக்கு ஓரிடம் பீய்ச்சத் தொடங்கியது. பின்னால் மூன்று வண்டிகள் காத்திருக்க, கையுறை அணிந்த கட்டைவிரலால் அந்தத் துளையை அடைத்துக்கொண்டு, தொட்டி காலியாகும்வரை ஒரே நிலையில் குனிந்து நின்றேன். கறுப்புத் தொட்டி என்பது கழிப்பறைக்கு உரியது என்பதைப் புதிதாக வருபவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். குளியலறை, சமையலறைத் தண்ணீர் சேர்வது சாம்பல் தொட்டி. அதைத் திறந்தபோது குழாயில் துளை விழுந்திருந்தால் இவ்வளவு நினைவிருக்காது.

குழாயின் தடிமனை மில் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காம்கோவின் ரைனோஃபிளெக்ஸ் 23 மில், அதற்கு மேற்பட்ட ரைனோ எக்ஸ்ட்ரீம் 26 மில். தெட்ஃபோர்டின் டைட்டன், வால்டெராவின் டாமினேட்டர் ஆகியவையும் நல்ல தடிமனானவையே. இவற்றுக்குள் எது சிறந்தது என்று சண்டை போடுவதற்கு ஆள் நிறைய உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை. எல்லாவற்றுக்கும் விட்டம் 3 அங்குலம்தான்.

தடிமனைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இழுத்து நீட்டினால் நீட்டிய இடத்திலேயே கிடக்குமா என்பது. மலிவுக் குழாய் ஸ்பிரிங்கைப் போலத் தன் பழைய நீளத்துக்கே திரும்பப் பார்க்கும். தரையிலுள்ள துளையில் செருகிவிட்டு வால்வை நோக்கி நடப்பதற்குள் வெளியே வந்துவிடும்.

நீளத்தைப் பொறுத்தவரை, 20 அடி ஒற்றைக் குழாய் வாங்காதீர்கள். 10 அடியில் இரண்டு வாங்குங்கள். டம்ப் ஸ்டேஷனில் துளைக்கு அருகிலேயே வண்டியை நிறுத்திவிடலாம் என்பதால் ஒன்றே போதும். அதை மட்டும் கழுவினால் போதும். இடத்திலேயே கழிவு இணைப்பு உள்ள முகாம்களில்தான் துளை எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது, அங்கே இரண்டையும் மாட்டிக்கொள்ளலாம்.

2023 ஏப்ரல் 8, இரவு

வைக்கும் இடத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பம்பர் நல்ல இடம்தான். 4 அங்குலச் சதுர இரும்புக் குழல், இரு பக்கமும் பிளாஸ்டிக் மூடி, வண்டிக்குள் நாற்றம் வராது. விற்றவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

2023 ஏப்ரல் 9

நேற்றிரவு எழுதியது தவறு. காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்தேன். பம்பரின் வெளி அளவுதான் 4 அங்குலம். உள்ளே அதைவிடக் குறைவு. என்னுடைய புதிய குழாயின் முனையிலுள்ள பூட்டு வளையத்தில் இரு பக்கமும் கொக்கிகள் துருத்திக்கொண்டிருப்பதால் அது நுழையவே இல்லை. பம்பரில் நான் வைத்திருந்தது அந்தப் பழைய ஓட்டைக் குழாயை; அதன் முனை எப்போதும் டிரெய்லரிலேயே மாட்டியிருக்கும், வெறும் குழாய் மட்டும் உள்ளே போகும். நினைவை நம்பிப் பதில் எழுதினால் இப்படித்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கூஸ் ஐலண்ட் பூங்காவில் கடலோரமாக ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தபின் அந்தப் பம்பரின் மூடியைத் திறந்தால் துரு செதில் செதிலாகக் கொட்டியது. ஈரக் குழாயை வர்ணம் பூசாத இரும்புக்குள் அடைத்து வைத்தால் வேறென்ன நடக்கும்? போதாததற்கு அந்த மூடிகளில் ஒன்று ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் கழன்று விழுந்துவிட்டது. எங்கே என்று இன்றுவரை தெரியாது.

ஆகவே இப்படி மாற்றிக்கொள்கிறேன்: முதலில் வைக்கும் இடத்தை அளவெடுங்கள், அதற்குப் பிறகு குழாயை வாங்குங்கள். என்னுடைய 10 அடிக் குழாய், முனைகளோடு சேர்த்து முழுவதும் சுருக்கினால் ஏறக்குறைய 40 அங்குலம்.

2023 ஏப்ரல் 22

மில், மில் என்று இரண்டு வாரமாகப் பேசியிருக்கிறோம். ஆனால் ஒழுகுவது பெரும்பாலும் இணைப்புகளில்தான், குழாயில் அன்று. பூட்டு வளையத்துக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது காய்ந்தோ மடிந்தோ இருந்தால், 26 மில் அன்று, 100 மில் குழாயானாலும் பயனில்லை. பயணத்துக்கு முன் அதை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். உதிரி வாஷர் இரண்டை வண்டியில் வைத்திருங்கள்.

துளைப் பக்கம் மாட்டுவதற்கு, உள்ளே ஓடுவது தெரியும்படியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் எல்போ, அதாவது முழங்கை போல வளைந்த இணைப்பு, வாங்குங்கள். பார்க்க அருவருப்பாக இருக்காதா என்று என் மனைவி கேட்டார். இருக்கும். ஆனால் தொட்டி காலியாகிவிட்டதா, கழுவிய தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று அறிய வேறு வழி கிடையாது. எல்போவின் கீழ்ப்பகுதியில் 3, 3½, 4 அங்குல மரைகள் படிப்படியாக இருக்கும். மரை உள்ள துளையாக இருந்தால் திருகிவிடலாம். மரை இல்லாத துளையில் செருகிவிட்டு மேலே ஒரு கல்லை வைக்கிறோம். சில முகாம்களில் துளையைச் சுற்றி வளையம் போன்ற ரப்பர் அடைப்பு இருந்தாக வேண்டும் என்கிறார்கள்.

முதலில் கறுப்புத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது முடிந்த பிறகே சாம்பல் தொட்டி. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டே போகும். இதைத் தலைகீழாகச் செய்தவரை நான் பார்த்திருக்கிறேன், அவரும் ஒரு முறைதான் செய்தார். கழற்றும்போது டிரெய்லர் பக்கத்தை முதலில் கழற்றி, அந்த முனையை உயர்த்தி, குழாயைக் கைக்குக் கை மாற்றித் தூக்கியபடியே துளையை நோக்கி நடந்தால் உள்ளே தேங்கியதெல்லாம் இறங்கிவிடும். துளைப் பக்கத்தைக் கடைசிவரை எடுக்காதீர்கள்.

டிரெய்லரின் மூடியைத் திறக்கும்போது கீழே ஒரு சிறு வாளி வையுங்கள். வால்வு சரியாக மூடாமல் மூடிக்குப் பின்னால் ஒரு குவளை அளவு தேங்கி நிற்பது வழக்கம். அடிக்கடி அப்படி நடந்தால், வெளிமுனையில் திருகி மாட்டும் இரண்டாவது வால்வு கிடைக்கிறது; நான் மாட்டியிருக்கிறேன்.

2023 ஜூன் 3

20 அடி ஒற்றைக் குழாயை ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எடைதான் காரணம். எங்கேயாவது அடைத்துக்கொண்டால் நிறைந்த குழாயைத் தூக்க வேண்டிவரும். 3 அங்குல விட்டமுள்ள 10 அடிக் குழாயில் ஏறத்தாழ 15 கேலன் பிடிக்கும், 120 பவுண்டு. 20 அடி என்றால் 240 பவுண்டு. யாரால் தூக்க முடியும்?

2023 ஜூன் 4

மேலேயுள்ள கணக்கை ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பார்த்துவிட்டாள். ஆரம் போட வேண்டிய இடத்தில் அப்பா விட்டத்தைப் போட்டிருக்கிறார், ஆகவே விடை நான்கு மடங்கு ஆகிவிட்டது என்றாள். சரியான கணக்கு: 10 அடிக்கு 3.7 கேலன், சுமார் 30 பவுண்டு. 20 அடிக்கு 60 பவுண்டுக்குச் சற்று மேல். யாராலும் தூக்க முடியும் போலிருக்கிறது. இருந்தாலும், நெளிகிற 60 பவுண்டை, அதுவும் அந்த 60 பவுண்டை, மார்போடு அணைத்துத் தூக்க விருப்பமுள்ளவர்கள் 20 அடி வாங்கிக்கொள்ளலாம்.

2023 ஜூலை 16

பம்பர் வேண்டாம் என்றால் பின் எங்கே என்று கேட்டவர்களுக்கு, நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். வீட்டுப் பொருள் கடைகளில் வேலிக்கான வெள்ளை வினைல் கம்பம் விற்கிறார்கள், உள்ளே வெற்றிடமானது. 4 அங்குலத்தில் கொக்கி இடிக்கும், 5 அங்குலச் சதுரம்தான் சரி. 48 அங்குலத்துக்கு அறுத்து, டிரெய்லரின் அடிச்சட்டத்தில் உலோகப் பட்டையால் கட்டினேன். ஒரு பக்க மூடியை ஒட்டிவிட்டேன், மற்றதற்குக் கீலும் கொண்டியும் போட்டேன். அதே கம்பத்தின் எஞ்சிய துண்டில் இரண்டாவது குழாய். அறுத்துப் பொருத்த ஒரு சனிக்கிழமை போயிற்று. இதற்கென்றே நீளத்தைக் கூட்டிக் குறைக்கும்படியான பிளாஸ்டிக் குழல்களும் விற்கின்றன. அறுக்கத் தெரியாதவர்கள் அதை வாங்கலாம்.

உள்ளே காற்றோட்டம் வேண்டுமென்று அடிப்பக்கத்தில் வரிசையாக அரை அங்குலத் துளைகள் போட்டேன். அங்கேதான் தவறினேன். ஜூன் முழுவதும் வண்டி வீட்டிலேயே நின்றது. நேற்றுத் திறந்தால் துளைகளில் பாதியைக் குளவிகள் மண் வைத்து அடைத்திருக்கின்றன. குழாயின் வளையங்களுக்கு நடுவிலும் மண்கூடு. குளவி கூடு கட்டினால் வீட்டுக்கு நல்லது என்று மாமியார் சொல்வார். இந்த வீட்டுக்கு என்ன நல்லது வருமோ தெரியவில்லை. கூடுகளைத் தட்டிவிட்டு, துளைகளின்மேல் ஜன்னலுக்குப் போடும் கம்பி வலையை ஒட்டினேன்.

மாமியாரைச் சொன்னேன் அல்லவா, இந்தக் கேள்வி-பதில் இழைக்கு உரிய மிக முக்கியமான விதியே அவருடையது. ஊரிலிருந்து வந்திருந்தபோது முதல் பயணத்தில், குடிதண்ணீர் பிடிக்கும் குழாயையும் இதையும் நான் ஒரே அறையிலிருந்து எடுப்பதைப் பார்த்துவிட்டார். அன்று மாலைவரை டிரெய்லரில் ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்கவில்லை. மாப்பிள்ளையிடம் நேரே சொல்ல மாட்டாரே, மகளிடம் சொன்னார்: “ரெண்டையும் ஒரே பொந்துலயா வைப்பாங்க?” ஆசாரம் என்று நான் அப்போது முணுமுணுத்தேன். ஆனால் சுகாதாரப்படி யோசித்தால் அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இப்போது குடிதண்ணீர்க் குழாய் வலப்பக்கம் தனிப் பெட்டியில். கழிவு தொடர்பானவை எல்லாம், கையுறை, எல்போ, தொட்டியைக் கழுவும் தனி ரப்பர் குழாய் உட்பட, இடப்பக்கம். கழிவு வெளிவாய் இருப்பதும் இடப்பக்கம், ஓட்டுநர் பக்கம்தான் என்பதால் நடையும் மிச்சம். டம்ப் ஸ்டேஷனில் கழுவுவதற்கென்று இருக்கும் தண்ணீர்க் குழாயில் குடிதண்ணீர்க் குழாயை ஒருபோதும் மாட்டாதீர்கள். அங்கே எல்லோரும் எதையெல்லாம் கழுவுகிறார்கள் என்று நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

2023 ஜூலை 17

உலர வைக்காமல் மூடலாமா என்று ஒரு கேள்வி. பயணத்தில் உலர்த்த வழியில்லை. நன்றாக வடித்து, இரு முனைகளையும் மூடியிட்டு வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் திறந்து நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் உலரும் என்பது உண்மை, பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கும் என்பதும் உண்மை. டெக்சாஸ் ஆகஸ்டில் மூன்று வாரம் மூடியே வைத்திருந்து பிறகு திறந்த அனுபவத்தை எழுதினால் இந்த இழையைப் பாதியில் மூடிவிடுவீர்கள்.

2023 செப்டம்பர் 4

பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் ரியோ கிராண்டே வில்லேஜுக்குப் போய்வந்தோம். அந்தப் பெரிய பூங்காவிலேயே தண்ணீர், மின்சாரம், கழிவு மூன்றும் இடத்திலேயே கிடைப்பது அங்கே மட்டும்தான், மொத்தம் 25 இடங்கள். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் பல இடங்களில் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்துவிட்டுக் கழிவுக்குப் பொதுவான டம்ப் ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள் என்பதால், இரண்டு குழாய்களையும் இணைக்கும் வாய்ப்பு எனக்கு அரிதாகவே கிடைக்கும்.

நிறுத்தியபின் பார்த்தால் நடுவில் குழாய் தொய்ந்து பள்ளமாகக் கிடந்தது. அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும் என்பது குழாய் வேலைக்காரர்களின் பழைய கணக்கு. 20 அடிக்கு 5 அங்குலம். துருத்தி போல விரியும் பிளாஸ்டிக் தாங்கி இதற்கென்றே விற்கிறார்கள், டிரெய்லர் பக்கம் உயரமாகத் தொடங்கிப் போகப்போகத் தாழும். என்னுடையதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். கற்களும் இரண்டு மரத்துண்டுகளும் ஒரு பழைய செருப்பும் சேர்ந்து அந்த 5 அங்குலத்தைக் கொடுத்தன.

இணைப்பு இருக்கிறதே என்று கறுப்புத் தொட்டியின் வால்வை நாள் முழுவதும் திறந்து வைக்காதீர்கள். தண்ணீர் வடிந்து ஓடிவிடும். மற்றது கழிப்பறைக்கு நேர்கீழே குன்றாக உட்கார்ந்து காயும். மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு ஒரே வீச்சில் திறந்தால்தான் எல்லாம் அடித்துக்கொண்டு போகும்.

2023 நவம்பர் 25

லிப்பர்ட்டின் வேஸ்ட் மாஸ்டரைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று இருவர் கோபித்திருக்கிறார்கள். 20 அடி ஒற்றைக் குழாய், நெம்புகோல் பூட்டு, துளைப் பக்க முனையிலேயே ஒரு வால்வு. பக்கத்து இடத்துக்காரர் ஒருவருடையதைப் பிடித்துப் பார்த்தேன். பூட்டு மிக அழுத்தமானது, ஒரு சொட்டு இல்லை. எங்களுடையது போன்ற பூட்டு வளையத்திலிருந்து அதற்கு மாற டிரெய்லர் பக்கம் தனி முனை வேண்டும், விலையும் அதிகம். ஒழுகல் இணைப்பில்தான் என்று ஏப்ரலில் எழுதிவிட்டு, இணைப்பைச் சரிசெய்த பொருளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அது 20 அடி ஒற்றைக் குழாய். நான் 10 அடிக் கட்சியிலேயே இருக்கிறேன்.

2024 ஜனவரி 16

ஆஸ்டினில் உறைபனி. வெளியே கிடந்த குழாயை மடக்கப் போனேன், விறைத்துக்கொண்டு நின்றது. வலுக்கட்டாயமாகச் சுருக்காதீர்கள், வளையங்களுக்கு நடுவில் கீறிவிடும். குளிர்நாளில் தங்குவதானால் வால்வுகளை மூடி, குழாயை வடித்துக் கழற்றி வையுங்கள். தேவைப்படும்போது மட்டும் மாட்டுங்கள். நீண்ட காலம் ஒரே இடத்தில் தங்குபவர்கள் கெட்டியான பி.வி.சி. குழாயே போட்டுவிடுகிறார்கள், அது தனிக்கதை.

2024 ஏப்ரல் 9

நேற்றைய முழுச் சூரிய கிரகணத்தை இன்க்ஸ் லேக்கில் இருந்தே பார்த்தோம். 4 நிமிடத்துக்கு மேல் இருட்டு. மேகம் அவ்வப்போது விலகி வழிவிட்டது. அடுத்த நாள் காலையில் பூங்காவே ஒன்றாகக் கிளம்பியதால் டம்ப் ஸ்டேஷன் வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். இந்த இழைக்காக அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்த 11 வண்டிகளில் 6 பேர் ஒரே ஒரு 10 அடிக் குழாயை எடுத்தார்கள். இருவர் நீளமான குழாயைப் பாம்பு போலச் சுருட்டிப் போட்டுவிட்டு, அது வடியாமல் தடுமாறினார்கள். ஒருவரிடம் எல்போவே இல்லை, காலால் மிதித்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் வேலையை முடித்த வேகத்தில் குழாயை நான் சரியாகப் பார்க்கவில்லை; அவர்களுடைய வண்டிகளோ என்னுடையதைவிடப் பழையவை.

என் மனைவி கிரகணத்தைப் படமெடுத்த நேரத்தைவிட நான் இந்த வரிசையைக் கவனித்த நேரம் அதிகம் என்று மகள் சொல்கிறாள்.

2024 ஏப்ரல் 20

ஓராண்டு கழித்து, கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கிறார். சொன்னபடி 10 அடியில் இரண்டு வாங்கினாராம், வைக்கும் இடத்தை மட்டும் அளக்காமல். அவருடைய வெளிப்பெட்டி 36 அங்குல நீளம், 20 அங்குல அகலம். குழாய் 40 அங்குலம். கம்பம் அறுத்து மாட்ட அவருக்கு விருப்பமில்லை.

மூலைக்கு மூலை வையுங்கள். 36-இன் வர்க்கமும் 20-இன் வர்க்கமும் கூட்டினால் 1696. வர்க்கமூலம் 41-க்குச் சற்று மேல். ஓர் அங்குலம் மிச்சமே இருக்கிறது. இந்த முறை மகளிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டேன்.

2024 ஏப்ரல் 21

நுழையவில்லையாம். குழாயின் முனை 5 அங்குல அகலம் இருக்கிறது. மூலைக்கு மூலை அளவு கோட்டுக்குத்தான் பொருந்தும், குழாய்க்கு அன்று. மகளிடம் சொன்னேன், நீங்கள் கோட்டின் நீளத்தைத்தானே கேட்டீர்கள் என்றாள்.

அவர் வீட்டு வாசலில் அரை மணி நேரம் குழாயை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்த அவருடைய மனைவி வந்து, முழுவதும் சுருக்காமல் சற்றுத் தளர்த்தி, வில்லாக வளைத்து, இரண்டையும் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாராம். வளைவின் நடுவிலேயே எல்போவுக்கும் கையுறைக்கும் இடம் இருக்கிறதாம். கழிவுக் குழாய் வளையும் என்பது ஓராண்டாக இங்கே எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தோன்றவே இல்லை. நேராக வைத்தே பழகிவிட்டது. நாளைக்கு என் பெட்டியில் முயன்று பார்க்கப் போகிறேன். நுழைந்தால் அந்தக் கம்பத்தைக் குளவிகளுக்கே விட்டுவிடலாம்.